பட்டணத்து மன்றமும் நமது மலையும்

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூர் கூட்டத்தில் பேசியது)



சென்னை மாநகராட்சி மன்றத்தைப் பற்றி மலைமேலிருக்கும் நமக்கென்ன கவலை என்று சிலர் கேட்கக்கூடும். பட்டணமானாலும் மலையானாலும் வரி கொடுப்பவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை ஒன்றேயாகும். அவ்வுரிமை இருந்தால் என்ன வரும், போனால் என்ன போகும் என்பதற்கு அம்மன்றமே தக்க சாட்சியாகும்.

1688-இல் கும்பெனியார் காலத்தில் அம்மாநகராட்சி ஏற்பட்டது. இன்று அதில் 200 வட்டங்கள். வட்டத்துக்கு ஒருவர் ஜனங்களுடைய ஓட்டினால் வருகிறார். சரிபாதி இடம் பெண்களுக்கென்பது சட்டம். 2022-இல் அவர்களே கூடி மேயரைத் தெரிந்தெடுத்தார்கள். வரவு செலவுத் திட்டம், சொத்து வரி, தெரு விளக்கு, குப்பை, பள்ளிக்கூடம் எல்லாம் மன்றத்தின் தீர்மானத்துக்கு வரவேண்டும். தீர்மானத்தை நடத்தி வைக்கும் கமிஷனரோ அரசாங்கம் அனுப்பும் உத்தியோகஸ்தர். ஆகவே, கமிஷனரைக் கேட்க மன்றம்; மன்றத்தைக் கேட்க ஓட்டர். இதுதான் ஏற்பாடு.

மன்றம் இருந்தால் என்ன வரும்? 1920-இல் பி. தியாகராயர் தலைவராயிருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பகலுணவு போட மன்றம் தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படக்கூடாதென்று கணக்கும் வரையறுத்தது. அந்தச் சோறு எந்தச் சாமி கொடுத்த வரம்? மனிதர்கள் போட்ட தீர்மானமல்லவா? 2022-இல் ஆதிதிராவிடப் பெண்ணாகிய ஆர். பிரியா மேயர் நாற்காலியில் அமர்ந்ததும் தலைவிதியினால் அல்ல; அப்பதவியை ஒதுக்கிய சட்டத்தினாலேயே.

மன்றம் போனால் என்ன போகும்? 1973-இல் மஸ்டர் ரோல் ஊழல் எழுந்ததும் மன்றம் கலைக்கப்பட்டது. திருடனைப் பிடிக்கவேண்டியது நியாயமே. ஆனால் மறுதேர்தல் வந்தது 1996-இல்! களை முளைத்ததென்று நிலத்தையே 23 வருஷம் தரிசு போடுவார்களா? பிறகு 2016 முதல் 2022 வரையிலும் மன்றமில்லை. கடைசியில் தேர்தல் வந்தபோது நூற்றுக்கு 44 பேர்கூட ஓட்டுப் போடவில்லை. கேட்காமலிருந்து பழகினவனுக்குக் கேட்பதே மறந்துபோகும், தோழர்களே!

நமது கதையென்ன? 2019 டிசம்பரில் நாம் தெரிந்தெடுத்த பஞ்சாயத்துக்காரர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. காலம் முடியுமுன் தேர்தல் நடக்கவேண்டுமென்பது அரசியல் சட்டம். நடந்ததா? இல்லை. தனி அதிகாரிகள்தான் வந்தார்கள். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். ஆனால் அவர்களை மாற்ற நம்மிடம் ஓட்டு ஏது?

திருவிழா நாள் தவறினால் சாமிக்குக் கோபம் வருமென்று நடுங்குகிறோம். தேர்தல் நாள் தவறினால் நமக்கு ஏன் கோபம் வருவதில்லை? யோசித்துப் பாருங்கள்.