விளக்கின் ஆயுள்



பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் பெருஞ்சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியைக் கடந்ததும் வருவது பொம்மசந்திரா. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் இன்று மருந்துகள், யந்திர உறுப்புகள், மின்னணுச் சாதனங்கள் ஆகியவற்றைச் செய்யும் பெரிய தொழிற்பேட்டை. 2025 ஆகஸ்டு 10ஆம் தேதி தொடங்கி வைக்கப்பெற்ற மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் இங்கே வந்துதான் முடிகிறது. காலை வேளையில் தொழிற்கூட வாசல்களில் நின்று கேட்டால், தருமபுரித் தமிழும் சேலத்துத் தமிழும் கன்னடத்தோடும் இந்தியோடும் கலந்து நம் காதில் விழும். இப்பேட்டையிலும், மும்பை, புனே முதலிய நகரங்களில் இதைப் போன்ற பேட்டைகளை அண்டியும் வாழும் நம்மவர்க்காகவே எல்.இ.டி. விளக்கு என்னும் சிறு பொருளைப் பற்றி இன்று பேச முற்படுகிறோம்.

மின்சாரத்திற்கும் தமிழ்த் தொழிலாளிக்கும் இந்த மாநிலத்தில் உள்ள உறவு பழமையானது. 1902ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின்சாரம் எடுத்தார்கள். அது முதன்முதலில் போய்ச் சேர்ந்தது மைசூர் அரண்மனைக்கு அன்று. சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியே கோலார் தங்கவயலுக்குச் சென்றது. அச்சுரங்கங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடியேறிய தமிழர். அத்திட்டத்தை ஊக்கி நின்ற திவான் சேஷாத்ரி ஐயர் 1901இலேயே காலமாகிவிட்டார்; விளக்கு எரிந்ததைக் காண அவர் இல்லை. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு ஏற்றப்பட்டது அதற்குப் பிறகுதான், 1905 ஆகஸ்டில். தங்கச் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. மின்சாரம் நிலைத்தது, அதைக் கொண்டு செய்யும் தொழில்கள் மாறி மாறி வருகின்றன.

அன்றைய குமிழ் விளக்கில் ஒரு மெல்லிய கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஒளி பெற்றார்கள். நாம் கொடுத்த மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கே ஒளியாயிற்று; மற்றவை யாவும் வெப்பம். எல்.இ.டி. விளக்கில் காய்ச்சுவதற்குக் கம்பியே இல்லை. இருவகைப் படிக அடுக்குகள் சந்திக்கும் இடத்தை மின்சாரம் கடக்கும்போது அங்கேயே ஒளி பிறக்கிறது. நிக் ஹோலோனியாக் என்ற அமெரிக்கர் 1962இல் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யைச் செய்து காட்டினார். நீல ஒளிக்கு மேலும் முப்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நகமுரா என்னும் மூவருக்கும் 2014இல் பௌதிக நோபல் பரிசு கிடைத்தது. நீலம் கிட்டியவுடன் வெண்மை எளிதாயிற்று: நீல ஒளியின் மேல் மஞ்சளாக ஒளிரும் ஒரு பொடியைப் பூசினால் இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றும். அணைந்திருக்கும் எல்.இ.டி.யில் மஞ்சள் பொட்டுப் போல் தெரிவது அந்தப் பொடியே.

எங்களைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்கள் இதற்கு 'ஒளியுமிழ் இருமுனையம்' என்று எழுதுகிறோம். கடைத்தெருவில் இப்பெயரைச் சொல்லிக் கேட்டால் விளக்குக் கிடைக்காது என்பது நமக்குத் தெரியும். ஆகவே எல்.இ.டி. என்றே சொல்லிச் செல்வோம்.

60 வாட் குமிழ் தந்த வெளிச்சத்தை இன்று 9 வாட் எல்.இ.டி. தருகிறது. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரித்தால், முன்னது மாதத்திற்கு 9 யூனிட் உண்ணும். பின்னது ஒன்றேகால் யூனிட்டுக்குச் சற்று மேல். பழைய 40 வாட் குழல் விளக்கை வைத்திருப்போரும் கணக்குப் பார்க்கலாம். சோக்குக் கட்டையும் சேர்ந்தால் அது 50 வாட்டைத் தாண்டும். அதற்கு ஈடான எல்.இ.டி. பட்டை விளக்குக்கு 20 வாட் போதும். வாடகை அறைக்குத் தனி மீட்டர் வைத்து யூனிட் கணக்கில் பணம் வாங்கும் வீட்டுக்காரரிடம் குடியிருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் கையில் தெரியும்.

இவ்வளவு பயனுள்ள விளக்கு வெகுநாள் எட்டாத விலையில் இருந்தது. 2015 ஜனவரி 5ஆம் தேதி மத்திய சர்க்கார் தொடங்கிய உஜாலா திட்டம் அந்நிலையை மாற்றியது. எரிசக்திச் சிக்கனச் சேவை நிறுவனம் கோடிக்கணக்கில் ஒரே சமயத்தில் டெண்டர் விட்டுக் கொள்முதல் செய்தது. 2014இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. இத்திட்டத்தின் வழியாக 36 கோடிக்கு மேற்பட்ட விளக்குகள் வீடுகளுக்குச் சென்றன. இது பெரிய சாதனை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் விலை இறங்கியது எதனால் என்று கேட்பவர், எவ்வளவுக்கு இறங்கலாம் என்றும் கேட்கத்தான் வேண்டும். அதற்கு விளக்கின் உள்ளே பார்க்க வேண்டும்.

பத்து ஆண்டு எரியும் என்று அட்டைப் பெட்டியில் அச்சிட்ட விளக்கு எட்டு மாதத்தில் கண் சிமிட்டத் தொடங்கி, பிறகு அணைந்து போவதை நேயர்களில் பலர் கண்டிருப்பீர்கள். அப்போது கெட்டது பெரும்பாலும் ஒளி தரும் படிகம் அன்று. வீட்டிற்கு வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தைப் படிகம் தாங்கும் அளவான நேர்மின்சாரமாக மாற்றித் தரும் ஒரு சிறு சுற்று, விளக்கின் கழுத்துப் பகுதியில் ஒளிந்திருக்கிறது. தொழிற்கூடத்தில் இதை டிரைவர் என்பார்கள். இதை நாம் தமிழில் 'ஓட்டுநர்' என்று எழுதிவிட்டால் பேருந்து நினைவுதான் வரும்! இந்த டிரைவரில் மிக நலிந்த உறுப்பு, திரவம் அடங்கிய சிறு உருளை வடிவக் கபாசிடர். சூடு பத்து டிகிரி ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியியலார் கையாளும் கணக்கு. எல்.இ.டி. விளக்கு சுடாது என்று நினைப்பதும் சரியன்று. அதன் ஒளியில் சூடு இல்லை, அடிப்புறத்தில் உண்டு. அச்சூட்டை வாங்கி வெளியே தள்ளுவதற்கே அலுமினியத் தகடு வைக்கிறார்கள்.

தகட்டை மெலியச் செய்து, மலிவான கபாசிடரைப் போட்டு, மின்னழுத்தம் ஏறி இறங்குவதைத் தாங்கும் பாதுகாப்பு உறுப்பை விட்டுவிட்டால், விளக்கு சில ரூபாய் மலியும். கடையில் ஏற்றிக் காட்டும்போது இரண்டும் ஒன்று போலவே எரியும். 2017இல் நீல்சன் நிறுவனம் மும்பை, டெல்லி, ஐதராபாத், அகமதாபாத் நகரங்களில் 200 கடைகளில் நடத்திய ஆய்வில், எல்.இ.டி. குமிழ் விற்ற பெயர்களில் நூற்றுக்கு 76 பாதுகாப்பு விதிகளுக்கு ஒத்துவரவில்லை என்று கண்டது. மின்சாரத்தில் மிச்சம் பிடித்த காசு, அடுத்தடுத்து விளக்கு வாங்குவதிலேயே போய்விடுமானால் ஏழைக் குடும்பத்திற்கு என்ன மிஞ்சும்?

எனவே வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குறியும், ஐ.எஸ். 16102 என்ற எண்ணும் இருக்க வேண்டும். நட்சத்திர முத்திரை இருக்கிறதா என்று நோக்க வேண்டும். 2018 முதல் எல்.இ.டி. குமிழ்களுக்கு அது கட்டாயம். வாட் என்பது செலவு. லூமென் என்பதே வெளிச்சம். ஒரே வாட்டில் எது அதிக லூமென் தருகிறதோ அதுவே சிக்கனம். உத்தரவாதக் காலத்திற்குள் கெட்டால் மாற்றிக் கொடுப்பார்கள். அதற்குக் கடை ரசீது வேண்டும். நம்மவரில் பலர் அதை வாங்குவதேயில்லை. இன்னொன்று: நாற்புறமும் மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் சாதாரண எல்.இ.டி. குமிழை மாட்டாதீர்கள். சூடு வெளியேற வழியின்றி டிரைவர் வெந்துவிடும்.

இனி இதைச் செய்யும் கைகளைப் பார்ப்போம். இத்தகைய கூடங்களில் பசை போன்ற ஈயக் கலவையைத் தகட்டில் அச்சடித்து, யந்திரம் படிகங்களை அதன்மேல் பொறுக்கி வைக்க, அடுப்பின் வழியே அனுப்பிப் பற்ற வைக்கிறார்கள். பிறகு டிரைவரை இணைத்து, மூடி பொருத்தி, பல மணி நேரம் தொடர்ந்து எரியவிட்டுச் சோதிக்கிறார்கள். மேசைக்கு மேசை பெண்கள் அமர்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை, அதிலிருந்து தரைக்கு ஒரு கம்பி. உடலில் தேங்கும் நிலைமின்சாரம் படிகத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் பழுதாக்கிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. அந்தப் பட்டையை ஒரு பெண் மறந்தாலும், எரியவிட்டுச் சோதிக்கும் நேரத்தை ஒரு மேற்பார்வையாளர் குறைத்தாலும், எங்கோ ஒரு வீட்டில் விளக்கு முன்னதாக அணையும். ஆகவே இவ்வேலையை எளிய பொருத்து வேலை என்று மதிப்பதும், அதற்கேற்ப ஒப்பந்தக் கூலி கொடுப்பதும் நமக்கு உடன்பாடில்லை.

ஆயினும் பொருத்துவதோடு நின்றால் மதிப்பு நம் நாட்டில் தங்காது. படிகத்தின் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2021இல் மத்திய சர்க்கார் குளிர்சாதனத்திற்கும் எல்.இ.டி. விளக்குக்கும் சேர்த்து 6,238 கோடி ரூபாய் ஊக்கத் திட்டம் வகுத்தபோது, முடிந்த பொருளை வெறுமனே பொருத்துவதற்கு ஊக்கத்தொகை இல்லை என்றும், உள்ளுறுப்புகளை இங்கே செய்வோர்க்கே அது உண்டு என்றும் விதித்தது. டிரைவரும் அந்த உறுப்புகளில் அடங்கும்.

பொம்மசந்திரா மெட்ரோ நிலையம் டெல்டா எலக்ட்ரானிக்ஸ் என்ற தைவான் நாட்டு நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருப்பதைப் பயணிகள் கண்டிருக்கலாம். மின்சாரத்தை ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாற்றித் தரும் கருவிகளே அந்நிறுவனத்தின் தொழில். கிருஷ்ணகிரியிலும் அதற்கு ஆலை உண்டு. விளக்கின் டிரைவரும் இதே கலையின் சிறு கிளைதான். இக்கலையைக் கற்றவனுக்கு விளக்கு ஒன்றே கதியன்று. எலக்ட்ரானிக் சிட்டியில் 1989இல் தோன்றிய டாட்டாவின் சூரிய மின்தகட்டுத் தொழிலிலும், ஓசூரில் ஏதர் நிறுவனமும் போச்சம்பள்ளியில் ஓலா நிறுவனமும் நடத்தும் மின்சார ஸ்கூட்டர் ஆலைகளிலும் வேண்டுவது அதே அறிவு. அத்திபெலேயைக் கடந்தால் தமிழ்நாடு. தொழில் எல்லையை அறிவதில்லை.

பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளைகள் நம் வீட்டில் இருந்தால், ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் பிரிவைப் பற்றி விசாரியுங்கள். இரண்டாண்டுப் படிப்பு, பெண்களும் சேரலாம். முடிவில் கிடைக்கும் தேசியத் தொழிற் சான்றிதழ் எல்லா மாநிலங்களிலும் செல்லும். கர்நாடகத்தில் படித்தவர் ஓசூரிலும், சேலத்தில் படித்தவர் பொம்மசந்திராவிலும் அதைக் காட்டி வேலை கேட்கலாம்.