ஆய்வுகூடத்துக்கு வெளியே
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



விஞ்ஞானம் படித்தால் வைத்தியராகலாம், இல்லாவிட்டால் ஆசிரியராகலாம் என்றே எங்கள் காலத்தில் நினைத்திருந்தோம். வேறொரு பாதையும் உண்டு. அதில் நடந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

நோரா வொல்கொவ் 1956இல் மெக்சிக்கோ நகரில் பிறந்தவர். அங்கே மருத்துவம் கற்று, அமெரிக்காவில் மனநல மருத்துவரானார். உயிருள்ள மனிதரின் மூளை இயங்குவதைக் காட்டும் 'பெற்' ஸ்கானைக் கொண்டு, கொக்கெயின் பாவித்தவர்களை ஆராய்ந்தார். அவர்களின் மூளையில் இரத்த ஓட்டம் பாதிக்கப்பட்டிருந்ததை 1988இல் வெளியிட்டார். பின்னர் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில், எங்களை நாங்களே கட்டுப்படுத்த உதவும் முன்மூளைப் பகுதி அவர்களில் தளர்ந்திருப்பதையும் காட்டினார். விடமுடியாமை வெறும் மனவுறுதிக் குறைவல்ல என்பதே அதன் பொருள்.

ஆனால் ஸ்கான் படம் தானாக எதையும் மாற்றிவிடாது. 2003இல் அவர் அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவகத்தின் பணிப்பாளரானார். அடிமையானவருக்கு வேண்டியது சிறையல்ல, சிகிச்சையே என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாதாடினார். 9, 10 வயதில் தொடங்கி ஏறத்தாழ 12,000 சிறுவரின் மூளை வளர்ச்சியைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வுக்கும் அந்நிறுவகம் முன்னின்றது.

தம் தாய்வழிப் பாட்டனார் இருதய வருத்தத்தால் இறந்தார் என்றே அவர் நம்பியிருந்தார். குடியை விடமுடியாத வேதனையில் பாட்டனார் தம் உயிரைப் போக்கிக்கொண்டதைத் தாயார் தமது இறுதிக் காலத்தில்தான் சொன்னார். இதே நோயை ஆராய்ந்த மகளிடம்கூட அதுவரை சொல்ல முடியவில்லை. இதை வொல்கொவ் அவர்களே பின்னர் மேடைகளில் கூறியிருக்கிறார்.

எங்கள் விடுதிகளிலும் இதையே காண்கிறோம். ஈரல் பழுதாகிய கணவரைக் கூட்டிவரும் மனைவி, "சாப்பாடு சமிக்கேல்லை, டொக்டர்" என்பார். உண்மை வெளிவர மூன்று கிளினிக் ஆகும். அதற்குள் காலம் கடந்துவிடுவதும் உண்டு.

எங்கள் வகுப்பில் ஒருத்தி திங்கட்கிழமைகளில் வரமாட்டாள். தகப்பனாரின் குடிதான் காரணம் என்று எங்களுக்குத் தெரியும். அவளைக் கேட்கவுமில்லை, ஆசிரியரிடம் சொல்லவுமில்லை. சாதாரண தரத்துக்கு முன்பே அவள் நின்றுவிட்டாள். அப்போதும் நாங்கள் பேசவில்லை.

தங்கைமாரே, உங்களில் ஒருத்தி மூளையை ஆராயலாம். இன்னொருத்தி அமைச்சில் இருந்து கொள்கை வகுக்கலாம். இரண்டும் எங்களுக்கு வேண்டும். அதற்குமுன், பக்கத்து வாங்கில் இருப்பவள் ஏன் வரவில்லை என்று கேளுங்கள். நாங்கள் கேட்காமல் விட்டோம்.