அகதியும் இடம்பெயர்ந்தவரும்



ஆங்கிலத்தில் ‘றெபியூஜி’, ‘டிஸ்பிளேஸ்ட் பேர்சன்’ என இரு சொற்கள் உள. முன்னது, புகலிடம் எனப் பொருள்படும் சொல்லடியாகப் பிறந்தது. 1685இல் பிரான்சில் வழிபாட்டுரிமை இழந்து இங்கிலாந்துக்கு ஓடிவந்த புரொட்டஸ்தாந்தரை அது குறித்தது. 1951ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கைப்படி, துன்புறுத்தலுக்கு அஞ்சி நாட்டெல்லை கடந்தவரே றெபியூஜி. பின்னது, இன்று பெரிதும் நாட்டுக்குள்ளேயே பெயர்ந்தவரைச் சுட்டும்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்த இலட்சக்கணக்கானோர் எல்லை கடக்கவில்லை. ஆயினும் அவர்களை ‘அகதி’ என்றே ஊர் சொன்னது. கதி என்பது புகல். அஃது இல்லாதவர் அகதி. ஆங்கிலச் சொல்லில் புகலிடம் இருக்கிறது. நம் சொல்லில் அதன் இன்மையே இருக்கிறது.

சட்டநூலை மொழிபெயர்ப்போர் இரண்டையும் பிரித்தே எழுதவேண்டும். ஆனால், இடம்பெயர்ந்த மாணவனொருவன் கட்டுரையில் தன்னை ‘அகதி’ என்றெழுதினால், நான் அச்சொல்லை வெட்டுவதில்லை.