பண்டிகைச் சித்திரமும் கடைக்குறியும்
(கச்சிராயபாளையத்தில் சங்க அன்பர்முன் ஆற்றிய சொற்பொழிவு)



பொங்கற்காலத்தில் தோரணமும் ஸ்டிக்கரும் வெட்டி விற்கும் நம் இளைஞர் சிலர், கணினி வழியே 'கட்டிங் பைல்' வாங்குகின்றனர். கோடுகளாலாய அவ்வுருவம் எத்துணை பெரிதாக்கினும் சிதையாது. பொறி அக்கோட்டின் வழியே கத்தியைச் செலுத்தும். ஆயினும் 'பொங்கல்' என்னுஞ் சொல்லை வண்ணம் பூசுதற்குரிய தகடாக வெட்டுங்கால், ககரத்தின் வயிற்றுத் துண்டு உதிர்ந்துபோம். சிறு பாலம் விட்டே வெட்டுதல் வேண்டும். இஃது இலக்கண நூல் கற்பிப்பதன்று, கத்தி கற்பிப்பது!

பண்டிகைச் சித்திரத்தை விலைக்கு வாங்குக, தடையில்லை. உரிமத்தில் 'சொந்த உபயோகம்' என்று மட்டும் இருப்பின், விற்கும் பொருளில் அதனைப் பதித்தல் தகாது. கடைக்குறியையோ வாங்கவே வேண்டா. பலரும் வாங்கிய மயிலுருவம் எவர் கடையையும் காட்டாது. 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டம் வேண்டுவதும், ஒருவர் சரக்கைப் பிறர் சரக்கினின்று வேறுபடுத்துங் குறியையே.

நம் அண்டையிலுள்ள கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. அச்சிற்பியர்க்கு உரிய கூலி கொடுத்து, நம் கடைக்கென ஓர் உரு வரைவித்து, அதனைக் கணினியில் ஏற்றிக்கொள்ளலாமே! பொறி வெட்டிய பலகையைக் கைச்செதுக்கென்று கூறி விற்பதனை மட்டும் நம்மவர் செய்யற்க. அஃது அவர் வயிற்றில் அடிப்பதாகும். தைக்கு வேண்டும் வரைவைக் கார்த்திகையிலேயே கேட்டல் நன்று.