காயல் நீரில் நம் தூண்டில்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சத்தியவேட்டில் நின்றுகொண்டு உப்புநீர் மீனைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் ஐயுறலாம். நம்மைச் சுற்றிக் குன்றும் காடும் உண்டு, கடல் இல்லை. ஆயினும் 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி மாவட்டம் பிறந்தபோது, சித்தூரிலிருந்து நம் சத்தியவேடும், நெல்லூரிலிருந்து சூளூர்ப்பேட்டையும் தடாவும் அதனுள் ஒன்றாகச் சேர்ந்தன. கடற்கரையே இல்லாத மாவட்டத்தில் வாழ்ந்த நாம், வீட்டை விட்டு ஓர் அடியும் நகராமல், கடலுடைய மாவட்டத்தின் குடிகளானோம். இவ்வூருக்கு இது புதிதன்று. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், சென்னை மாநிலத்துச் செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திரத்திற்குச் சென்றபோதும் சத்தியவேடு இருந்த இடத்திலேயேதான் இருந்தது. எல்லைதான் நடந்து வந்தது.

நம் குடியிருப்பு இளைஞர் சிலர் ஞாயிறுதோறும் தூண்டிற்கழிகளுடன் தடாவுக்கும் பழவேற்காட்டுக்கும் சென்று வருவதை யாவரும் அறிவோம். தொழிற்சாலையில் ஆறு நாள் உழைத்தவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. அவர்கள் கொண்டுவரும் கொடுவாயில் ஒரு துண்டம் பல வீடுகளுக்கும் வந்திருக்கிறது. அதைப் பழிக்கும் எண்ணம் நமக்குச் சிறிதும் இல்லை. ஆனால் அண்மையில் பழவேற்காட்டு முகத்துவாரத்தின் அருகே ஒரு முதியவர் அவர்களை நிறுத்தி, “தம்பிகளா, இன்று இங்கே எங்கள் ஊருக்கே பாடு கிடையாது, பக்கத்து ஊராரின் முறை. அவர்களைக் கேளுங்கள்” என்றாராம். நம் பிள்ளைகள் மனம் நொந்து திரும்பினார்கள். “தண்ணீருக்கு ஏது சொந்தக்காரர்?” என்று நம்மிடம் வினவினார்கள். அவ்வினாவுக்கு விடை தேடியதன் பயனே இன்றைய உரை.

பழவேற்காடு பெயரளவில் ஏரி. உண்மையில் கடலோடு வாய் திறந்த காயல். ஒடிசாவின் சிலிகைக்கு அடுத்தபடியாக இந்நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் அதுவே. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீண்டு, ஸ்ரீஹரிகோட்டா என்னும் மணல் தீவால் கடலினின்று பிரிந்து கிடக்கிறது. அத்தீவிலிருந்து 1971 அக்டோபர் 9 அன்று முதல் ஆய்வு ராக்கெட் எழுந்தது. தென்கரையில் டச்சுக்காரர்கள் 1613இல் ஜெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டினார்கள். காயலின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்கோடியும், கடலோடு கலக்கும் முதன்மையான வாயும் தமிழ்நாட்டின் பக்கம்.

நமக்கும் அதற்கும் என்ன உறவு என்றால், நீருறவு. பிச்சாட்டூரில் அணையைக் கண்டு, சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்ட ஈசனின் அடிவருடி, ஊத்துக்கோட்டையைக் கடந்து செல்லும் நம் ஆரணியாறு முடிவில் பழவேற்காட்டில் போய்ச் சேர்கிறது. வடக்கே சூளூர்ப்பேட்டை வழியாகக் காளங்கியாறும் அதே காயலில் விழுகிறது. வடகிழக்குப் பருவமழையில் இவ்வாறுகள் நன்னீரைக் கொண்டு கொட்ட, காயலின் உப்பு தணிகிறது. கோடையில் ஆறு வற்றி, வெயில் காய்ந்து, காயல் நீர் கடல்நீரைவிடவும் கரிக்கிறது. ஆற்று வெள்ளம் வலுவாக இருந்தால் முகத்துவாரத்தில் சேரும் மணலைத் தள்ளி வாயைத் திறந்து வைக்கும். வெள்ளம் குன்றினால் மணல் மேடிட்டு வாய் அடைபடும். அடைபட்டால் கடலிலிருந்து மீன்குஞ்சும் இறால்குஞ்சும் உள்ளே வர இயலாது. முகத்துவாரத்தைத் தூர்வாருவதும், அதன் இரு மருங்கிலும் கற்சுவர் எழுப்புவதும் அங்குள்ள மீனவர்களின் நெடுநாள் வேண்டுகோள்; தமிழ்நாட்டு அரசு அப்பணியை மேற்கொண்டது. ஆற்றில் நாம் மணல் அள்ளினாலும், ஆலைக்கழிவை விட்டாலும் அதன் கணக்குத் தீர்க்கப்படும் இடம் அந்த வாய்தான்.

இனி மீன்களுக்கு வருவோம். நம் சந்தையில் ஒரே மீனுக்கு இரண்டு பெயர் கேட்கிறது. நாம் கொடுவா என்பதைத் தெலுங்கர் பண்டுகப்பா என்பர்; நாம் இறால் என்றால் அவர்கள் ரொய்யலு என்பர். மடவை, கிழங்கான், கத்தாழை ஆகியனவும் இக்காயலோடு தொடர்புடையனவே. இவற்றுள் கத்தாழை சற்று நின்று பார்க்கத்தக்கது. அதன் வயிற்றிலுள்ள காற்றுப்பையை ஒட்டிய தசைகள் அதிரும்போது முரசு கொட்டியதுபோல் ஓர் ஒலி எழும். தலைக்குள் இரண்டு பெரிய செவிக்கற்கள் இருக்கும். குழம்பில் அகப்பட்டால் குழந்தைகள் எடுத்து வைத்துக்கொள்வார்கள். அவ்வினத்திலேயே பெரிதான கூறல் மீனின் காற்றுப்பையை நம் கடற்கரையார் நெட்டி என்பர். உலர்த்திய நெட்டி, மீனின் சதையைக் காட்டிலும் பன்மடங்கு விலை போகும்.

இக்கத்தாழைக் குடும்பத்தின் உறவினர் இருவர் அமெரிக்காவின் தென்கடலோரக் காயல்களில் வாழ்கின்றனர். ஒன்று ‘ரெட்பிஷ்’ என அவர்கள் வழங்கும், வாலடியில் கரும்புள்ளியுடைய செந்நிற மீன். மற்றது உடலெங்கும் புள்ளி தெளித்த ‘டிரவுட்’. பெயர்தான் டிரவுட், அதுவும் கத்தாழை இனமே. அவ்விரண்டையும் தூண்டிலிட்டுப் பிடிப்பது டெக்சாஸ், லூசியானா ஆகிய மாநிலங்களில் பெரும் விளையாட்டு. அங்கு நடந்த வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

1970களில் டெக்சாஸ் காயல்களில் இம்மீன்கள் அருகின. வலைதான் காரணம் என்று தூண்டிற்காரர்கள் கூறினர். 1977இல் ஹூஸ்டனில் ஒரு சங்கமும் கண்டனர். 1981இல் அம்மாநிலம், இயற்கை நீரில் பிடித்த இவ்விரு மீன்களையும் விற்கலாகாது என்று சட்டம் செய்தது. அதே ஆண்டுகளில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துச் சமையற்கலைஞர் பால் புருதோம், ரெட்பிஷ்ஷை மசாலாவில் புரட்டிக் கருக வறுக்கும் முறையைப் பரப்பினார். நாடெங்கும் அவ்வுணவுக்கு ஆசை பெருகிற்று. கரைக்கு அப்பால் திரண்டு நிற்கும் பெரிய மீன்களைப் படகுகள் சுற்றிவளைத்து அள்ளின. ஓர் உணவுப் பழக்கம் ஓர் இனத்தையே அசைத்துவிட்டது! பின்னர் கடும் தடைகள் வந்தன. 2007இல் அதிபர் புஷ், கூட்டரசின் கடற்பரப்பில் பிடிக்கும் அம்மீனை விற்பதைத் தடைசெய்யும் வகையில் ஓர் ஆணையே பிறப்பித்தார்.

மீன் பிழைத்தது, இதில் ஐயமில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக அம்மீனை விற்று உண்ட வலைக்காரரின் தொழில் போயிற்று. பொழுதுபோக்குக்கு மீன்பிடிப்பவர் கைக்கு நீர்நிலை சென்றது. அச்சட்டத்தைப் பலர் போற்றுகின்றனர். நாம் அவ்வளவு விரைந்து போற்றத் துணியோம். வலைகளைக் கட்டுப்படுத்துவது வேறு, வலைக்காரரை வெளியேற்றுவது வேறு அல்லவா?

ஆனால் அங்கிருந்து கற்க வேண்டியதும் ஒன்று உண்டு. டெக்சாஸில் ரெட்பிஷ்ஷுக்குக் கீழளவு மட்டுமன்றி மேலளவும் உண்டு. 20 அங்குலத்திற்குக் குறைந்ததையும் 28 அங்குலத்திற்கு மிகுந்ததையும் பொதுவாக நீரிலேயே விட்டுவிட வேண்டும். சிறியது வளரவேண்டும் என்பது யாவர்க்கும் விளங்கும். பெரியதை ஏன் விடவேண்டும்? முட்டையிட்டு இனம் பெருக்குவது அதுதான் என்பதே காரணம். நம் கொடுவாவுக்கு இவ்விதி இன்னும் நன்றாகப் பொருந்தும். கொடுவா இளமையில் ஆணாக இருந்து, சில ஆண்டுகள் வளர்ந்தபின் பெண்ணாக மாறும் மீன். ஆகவே மிகப் பெரிய கொடுவாக்கள் பெரும்பாலும் பெண்களே. அவை முட்டையிட உப்பு மிகுந்த முகத்துவாரப் பக்கம் இறங்கும்; குஞ்சுகள் காயலுக்குள் ஏறி வளரும். அப்பெரிய மீனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்வதில்தான் நம் பிள்ளைகளுக்குப் பெருமை! ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்தில் இதே மீனுக்கு 58 சென்டிமீட்டர் கீழளவும் 120 சென்டிமீட்டர் மேலளவும் வகுத்திருக்கிறார்கள். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் 1997இல் கொடுவாவை அடைப்பில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்து வெற்றி கண்டது. எனினும், பொரிப்பகம் உண்டென்று காயலின் தாய்மீனைக் கைவிடுவது, கடைத்தெருவில் நெல் கிடைக்கிறதென்று விதைநெல்லைக் குத்தி உண்பதற்கு ஒப்பாகும்.

இப்போது அம்முதியவர் சொன்ன ‘பாடு’ என்னும் சொல்லுக்கு வருவோம். மீன்பாடு என்றால் மீன் கிடைக்கும் அளவு. பாடுபடுதல் என்றால் உழைத்து வருந்துதல். காயல் மீனவரிடத்தில் பாடு என்பது மீன்பிடிக்கும் இடத்தையும் அங்கு ஒருவருக்கு உரிய முறையையும் சேர்த்துக் குறிக்கும். பழவேற்காட்டில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய மூன்று ஊர்ப் பட்டினவர்கள் நெடுங்காலமாக இம்முறையைக் காத்து வருகிறார்கள். கழி நட்டு வலை கட்டுவதற்கு ஏற்ற நல்ல நீரோட்டமுள்ள இடங்கள் காயலில் சிலவே. அவற்றில் இறால் மிகுதியாக விழும். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் ஒருவருக்கும் பயனில்லை; சண்டைதான் மிஞ்சும். எனவே இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர் என முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நல்ல இடமும் மெலிந்த இடமும் யாவர்க்கும் மாறி மாறி வரும். பணமுடையவன் இரண்டு பங்கு கட்ட இயலாது. முறை தவறினால் ஊர்ப் பெரியோர் கூடித் தண்டம் விதிப்பர். கொச்சிக் காயலிலும் இலங்கைக் கரைகளிலும் இதே பாடு என்னும் சொல்லும் முறையும் வழங்குகின்றன.

எழுதா விதி ஒன்று மூன்று ஊரை இத்துணைக் காலம் கட்டிக் காத்ததென்றால் அது சிறிய செய்தியன்று. சட்டமன்றம் கூடி இயற்றாத சட்டம் அது.

ஆயினும் அதைப் பொன்னேபோல் மட்டும் பேசுவது நேர்மையாகாது. அவ்வுரிமை ஒரு குலத்தாரின் ஆடவர்க்கே உரியது. பெண்களுக்குப் பங்கில்லை, வேறு குலத்தாருக்கும் இல்லை. வெளிநாட்டு ஏற்றுமதியால் இறால் விலை ஏறிய பின்னர், பாடில்லாத ஊராரும் காயலை நம்பி வந்தனர்; பூசல்களும் மூண்டன. மாநில எல்லை நீரின் நடுவே ஓடுவதால், தமிழ்நாட்டு வலைக்கும் ஆந்திரத்து வலைக்கும் இடையே எழும் வழக்குகள் தனி. மீனுக்கு எல்லைக்கல் தெரியாது. படகுக்காரனுக்குத் தெரிந்தாக வேண்டியிருக்கிறது.

இவர்கள் எவரிலும் எளியவர் இருளர் பெண்கள். அவர்களுக்கு வலையும் இல்லை, படகும் இல்லை. கழுத்தளவு நீரில் அமர்ந்தவாறே நகர்ந்து, சேற்றைக் கைவிரலால் துழாவி, அகப்படும் இறாலை, பல்லிடுக்கில் கடித்துத் தொங்கவிட்ட ஓலைப்பறியில் போட்டுக்கொள்கிறார்கள். முள் குத்தும், சிப்பி கிழிக்கும். அவ்வாறு சேர்த்த ஒரு பறி இறாலை விற்றுத்தான் அன்றைய அரிசி. நம் இளைஞர் ஒருவர் இழுத்தெறியும் தூண்டில், முக்கவர் முள்ளோடு அறுந்து அச்சேற்றில் புதைந்து கிடந்தால், அடுத்த நாள் அதைக் காண்பது யாருடைய விரல் என்று எண்ணிப் பாருங்கள். அறுந்த நைலான் நரம்பும் அவ்வாறே. வலையில் சிக்கினால் ஒருநாள் வேலை கெடும்.

“தண்ணீருக்கு ஏது சொந்தக்காரர்?” என்ற பிள்ளைகளின் கேள்விக்கு எம் விடை இதுவே. தண்ணீருக்குச் சொந்தக்காரர் இல்லாதிருக்கலாம், முறைக்காரர் உண்டு. நமக்கு மாதச் சம்பளம் இருக்கிறது; ஞாயிறன்று மீன் அகப்படாவிட்டால் திங்களன்று உலை கொதிக்காமல் போவதில்லை. ஆதலால் கேட்டுக்கொண்டு இறங்க வேண்டியவர் நாம்தாம். கேட்டால் மறுப்பவர்கள் அல்லர் அவர்கள். அம்முதியவரே, வலை கட்டாத இடம் எது, ஏற்றநீர் எப்போது வரும் என்றெல்லாம் சொல்லி அனுப்பினார் என்று நம் பிள்ளைகள் பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

சங்கத்தின் சார்பில் இளைஞர்களோடு கலந்து, சில ஏற்பாடுகளை முடிவு செய்திருக்கிறோம். கரையில் இறங்குமுன் அவ்வூராரிடம் இடம் கேட்பது. கழியும் வலையும் தெரியும் பக்கம் வீசாதிருப்பது. கையளவுக் கொடுவாவையும், தோளில் சுமக்கும் அளவுக் கொடுவாவையும் அங்கேயே விட்டுவிடுவது. படம் எடுத்துக்கொள்ளத் தடையில்லை, மீன் மூச்சுத் திணறுமுன் எடுத்துவிட வேண்டும்! அறுந்த நரம்பைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவருவது. தூண்டிலில் ஒன்றும் சிக்காத நாளில் வெறுங்கையோடு திரும்பாமல், இருளர் பெண்களிடம் அவர்கள் சொல்லும் விலைக்கே இறால் வாங்கிவருவது. இக்கடைசி ஏற்பாட்டை நம் தாய்மார்கள் மற்ற யாவற்றையும்விட மிகுதியாக வரவேற்றார்கள் என்பதையும் இங்கே தெரிவித்துக்கொள்கிறோம்.

அடுத்த பயணம் பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு. வண்டி விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்படும். வர விரும்புவோர் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். சிறுவர்கள் பெற்றோருடன் வருதல் வேண்டும்.