உப்புக் கொடுத்தவனும் ஆள் எண்ணியவனும்

(பழவங்காடியில் நடந்த நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வரும் வழியில் உங்களில் பலர் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்திருப்பீர்கள். அந்தக் கோயிலை நிர்வகிப்பது இந்திய ராணுவம். பட்டாளத்தார் நடத்தும் கோயில் வாசலில் நம் பிள்ளைகள் பயமில்லாமல் ஓடி விளையாடுகிறார்கள். அது நம் நாட்டுப் பட்டாளம். ஆனால் அந்நிய நாட்டுப் பட்டாளம் ஒன்று ஊரைப் பிடித்துக்கொண்டு, பாலத்துக்குப் பாலம் துப்பாக்கியோடு நின்றால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அப்படிப்பட்ட காலத்தில் வளர்ந்த ஒரு சிறுமியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அவர் என் தாயைப் பெற்ற ஆச்சி.

ஆச்சி 1935-இல் மலாயாவில், பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் திருநெல்வேலிச் சீமையில் மழை பொய்த்து, கங்காணியின் பேச்சைக் கேட்டுக் கப்பலேறியவர். நாம் ஆரல்வாய்மொழி தாண்டி வந்தோம். அவர் கடல் தாண்டிப் போனார். வயிறு ஒன்றுதான்.

1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியப் படை மலாயாவில் கோத்தபாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. வெள்ளைத் துரைமார் தோட்டங்களை விட்டு ஓடினார்கள். ‘ஆசியா ஆசியருக்கே’ என்று முழங்கிக்கொண்டு வந்தவர்கள் ஆசியரின் கன்னத்தில்தான் அறைந்தார்கள். காவல் நிற்கும் சிப்பாயைக் கண்டால் இடுப்பை வளைத்து வணங்க வேண்டும், மறந்தால் அறை. அரிசி மறைந்தது, மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. துணியில்லாமல் சாக்கை உடுத்தினார்கள். வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டு கட்டுக்கட்டாய் இருந்தும் ஒரு பிடி உப்பு வாங்க வக்கில்லை.

தோட்டத்துக்குப் பக்கத்தில் ரயில் பாலம் ஒன்று. அதில் ஒரு ஜப்பானியச் சிப்பாய் காவல். எட்டு வயது ஆச்சி கிழங்குக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த வழியாகத்தான் வரவேண்டும். ஒருநாள் பயத்தில் அளவுக்கு மீறிக் குனிந்துவிட்டார். கூடை கவிழ்ந்து கிழங்கெல்லாம் தண்டவாளத்தில் உருண்டது. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றாராம். சத்தம் ஒன்றும் இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், சிப்பாய் துப்பாக்கியைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிழங்கு பொறுக்கிக்கொண்டிருக்கிறான்!

அன்றிலிருந்து சிநேகிதம். ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காது. அவன் கையை இடுப்பளவில் காட்டுவான். தன் ஊரிலும் இந்த உயரத்தில் ஒரு பிள்ளை உண்டு என்று அர்த்தம். ஆச்சி அவனுக்குக் ‘கிழங்கு’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார். ‘கிரங்கு’ என்றுதான் அவனுக்கு வந்தது. அவன் ஆச்சிக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தான்: இச்சி, நி, சன். ஒன்று, இரண்டு, மூன்று. எப்போதாவது இலையில் மடித்த உப்புப் பொட்டலம் ஒன்றைக் கூடையில் போடுவான். அந்த உப்பில் அந்த வீட்டில் நாலைந்து நாள் கிழங்குக்கு ருசி வந்தது.

1943-ஆம் ஆண்டு நடுவில் தோட்டத்துக்கு லாரி வந்தது. சயாமில் ரயில் பாதை போடுகிறோம், மூன்றே மாதம், நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு இலவசம் என்று சொன்னார்கள். சிலர் நம்பி ஏறினார்கள். சிலர் துப்பாக்கிக்குப் பயந்து ஏறினார்கள். ஆள் எண்ணி ஏற்ற அன்றைக்கு நிறுத்தப்பட்டவன் அந்தப் பாலத்துச் சிப்பாய். இச்சி, நி, சன் என்று முதுகில் தட்டித் தட்டி எண்ணினான். தனக்குத் தெரிந்த பாடம் என்று ஆச்சியும் சிரித்துக்கொண்டே கூடச் சேர்ந்து எண்ணினாராம். தகப்பனாருக்கு விழுந்த எண் ஹச்சி. எட்டு.

அந்த எட்டாவது ஆள் திரும்பி வரவே இல்லை.

தோழர்களே, ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பவன் என்ற முறையில் அந்தப் பாதையின் கணக்கைச் சொல்கிறேன். நீளம் 415 கிலோமீட்டர். சயாமில் பான்போங் முதல் பர்மாவில் தான்பியூசயாத் வரை. 1942-இல் தொடங்கி, 1943 அக்டோபர் 17-இல் இரு முனையும் இணைந்தன. மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையில் கிடந்த தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டுபோய் அங்கே போட்டார்கள். போர்க் கைதிகளான வெள்ளைச் சிப்பாய்கள் 60,000 பேருக்கு மேல் அதில் உழைத்தார்கள்; 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர். மழைக்காலத்தில் காலரா வந்து முகாம் முகாமாய் வாரிக்கொண்டு போனது.

அவர்களில் மாண்டவர் எத்தனை? 80,000 என்பார்கள், 90,000 என்பார்கள், ஒரு லட்சம் என்பாரும் உண்டு. ஏன் இந்தக் குழப்பம்? கைதிச் சிப்பாய்களுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், பெயர்ப் பட்டியல் இருந்தது. டன்லப் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் காவலர் கண்ணுக்கு மறைத்து நாட்குறிப்பே எழுதி வைத்தார். ஆகவேதான் காஞ்சனபுரியில் அவர்களுடைய கல்லறைகள் சுமார் 7,000, வரிசை வரிசையாக நிற்கின்றன. நம்மவர்களை எண்ணினார்கள், பெயர் எழுதவில்லை. 2023-இல்தான் மலேசியத் தமிழர் முயற்சியால் காஞ்சனபுரியில் அவர்களுக்கு ஒரு நடுகல் எழுந்தது. எண்பது ஆண்டு கழித்து!

லாரி போன மறுநாளும் ஆச்சி பாலத்து வழியே வந்தார். சிப்பாய் உப்புப் பொட்டலத்தை நீட்டினான். ‘வாங்கினீங்களா ஆச்சி?’ என்று நான் கேட்டேன். ‘வாங்காம? வீட்டுல உப்பு இல்லல்லா’ என்றார். சில மாதத்தில் அவனை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். யுத்தம் முடிந்தபின் தாயும் மகளுமாகக் கப்பலேறி நாகப்பட்டினத்தில் வந்து இறங்கினார்கள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. ஆச்சி நினைத்தார். கடைசிவரை அவனை ஒரு வார்த்தை வைததில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொன்னதில்லை. ஒருநாள் சொன்னார்: ‘உப்புக் குடுத்தவன் ஒருத்தன், அப்பாவ எண்ணுனவன் வேற ஒருத்தன்னு நெனச்சா மனசு ஆறிரும்லே. ரெண்டும் ஒரே ஆளுதாம்லே.’

இதைத்தான் சொல்ல வந்தேன். எதிரிப் பட்டாளத்திலும் மனிதன் இருக்கிறான். அவனை மிருகம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு அது நம்மைவிட நன்றாகத் தெரியும். ஆனால் ஒருவனுடைய நல்ல மனசு, அவனை அனுப்பியவர்களின் கணக்கை நேர் செய்துவிடாது. உப்பு உப்புதான், லாரி லாரிதான்.

நம் பிழைப்பிலும் இது உண்டு. தீபாவளிக்கு உங்கள் பிள்ளைக்குச் சட்டை எடுத்துக் கொடுக்கும் மேஸ்திரி உண்டு. காய்ச்சல் என்றால் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் காண்டிராக்டர் உண்டு. வேஷமல்ல, உண்மையான அன்பாகவே இருக்கலாம். வாங்கிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள். அதே மனிதர் காலையில் வண்டியில் ஏற்றும்போது ‘இன்றைக்கு எட்டு ஆள்’ என்று எண்ணினால், அந்த இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ‘அண்ணாச்சி, எண்ணிக்கை போதாது, பெயரை எழுதுங்க’ என்று சொல்லுங்கள். சாரம் சரிந்து ஒருவர் விழுந்தால், எட்டு என்ற எண்ணுக்கு யாரும் நஷ்டஈடு கொடுக்கமாட்டார்கள்.

வாசலில் மேசைமேல் சங்கப் பதிவேடு இருக்கிறது. பெயர், சொந்த ஊர், வேலை செய்யும் இடம், வீட்டில் யார் யார். எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதித் தருகிறேன். எழுதிவிட்டுப் போங்கள். என் ஆச்சியின் தகப்பனார் எந்த முகாமில் மாண்டார் என்று நாங்கள் இன்றுவரை அறியோம். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் குறை வேண்டாம்.