வில்வமும் மஞ்சளும்: மூலிகைச் சாற்றில் இருப்பது என்ன?

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆலயத்தில் வேதியியல் பேச வந்துவிட்டானே என்று எண்ண வேண்டா. இறைவனுக்கு நாம் சாத்தும் வில்வமும், அம்மன் சன்னிதியில் பெறும் மஞ்சளும் இன்று வேறோர் உருவில் நம் இல்லங்களுக்குள் நுழைந்துவிட்டன. புட்டிகளில் அடைத்து, "செறிவூட்டிய மூலிகைச் சாறு, ஆக்சிஜனேற்றத் தடுப்பாற்றல் ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பிக்கப்பட்டது" என்று அச்சிட்டு விற்கிறார்கள்.

என் சிற்றப்பா அவ்வாசகத்தை நம்பி, நீரிழிவு மாத்திரைகளை நான்கு மாத காலம் நிறுத்திவிட்டார். காலில் கண்ட சிறு புண் ஆறாமல் முற்றி, இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. புட்டியிலிருந்த வாசகம் பொய்யா என்று அன்று அவர் என்னைக் கேட்டார். பொய்யன்று என்றுதான் நான் விடை கூற வேண்டியிருந்தது. அதை விளக்கவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

நம் தாய்மார்கள் வாழைப்பூவை நறுக்கியவுடன் மோர் கலந்த நீரில் இடுவார்கள். இடாவிட்டால் கறுத்துவிடும். பூவிலுள்ள பீனால் வகைச் சேர்மங்களோடு காற்றிலுள்ள ஆக்சிஜன், ஒரு நொதியின் துணையால் வினைபுரிவதே அக்கருமைக்குக் காரணம். மோரின் புளிப்பு அந்த நொதியை மந்தப்படுத்துகிறது. நம் உடலினுள்ளும் ஆக்சிஜன் ஓயாது வினைபுரிகிறது. உணவு ஆற்றலாக மாறும்போது, இணையில்லாத எலக்ட்ரான் கொண்ட துடிப்பான துகள்கள் தோன்றுகின்றன. அவை அருகிலுள்ள மூலக்கூறுகளிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்துச் சிதைவை உண்டாக்கும். தன் எலக்ட்ரானைத் தானே ஈந்து அத்துகள்களை அடக்கும் பொருளைத்தான் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்கிறோம். தாவரங்களின் பீனால் சேர்மங்கள் பலவும் இவ்வாறு ஈவதில் வல்லவை. எனினும் இத்துகள்கள் முழுப் பகைவர் அல்ல. நம் வெள்ளை அணுக்கள் கிருமிகளைக் கொல்வதற்கு இவற்றையே படைக்கலமாகக் கொள்கின்றன.

ஆய்வுக்கூடத்தில் நடப்பதைப் பாருங்கள். டி.பி.பி.எச். என்னும் பொருளின் கரைசல் கரும் ஊதா நிறமுடையது. இதனைப் பயன்படுத்தும் சோதனை முறை 1958ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. கரைசலில் மூலிகைச் சாற்றைச் சில துளிகள் சேர்த்தால் ஊதா மறைந்து வெளிர்மஞ்சளாகும். எவ்வளவு நிறம் குன்றியது என்பதைக் கருவி அளந்து கூறும். எளிய, நேர்மையான சோதனை. ஆனால் அந்தச் சோதனைக் குழாயில் குடல் இல்லை, கல்லீரல் இல்லை, குருதி இல்லை. சிற்றப்பாவின் புட்டி அக்குழாயில் வென்றிருக்கும். அவருடைய குருதியிலிருந்த சர்க்கரையைப் பற்றி அக்குழாய் ஒன்றுமே கூறவில்லை.

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். அதற்கு நிறம் தரும் குர்குமினை 1815ஆம் ஆண்டிலேயே பிரித்தெடுத்தார்கள். அதன் அமைப்பு 1910இல் தெரியவந்தது. மஞ்சள்தூளில் குர்குமின் வகைச் சேர்மங்கள் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பங்குதான். அவை நீரில் அரிதாகவே கரையும். எண்ணெயிலும் சாராயத்திலும் கரையும். ஆகவே நீரில் காய்ச்சிய கஷாயமும், ஆய்வுக்கூடத்தில் சாராயங்கொண்டு இறக்கிய சாறும் ஒரே பெயர் தாங்கினும் ஒரே பொருளல்ல. உட்கொண்ட குர்குமினிலும் மிகச் சிறு பகுதியே குருதியை எட்டுகிறது. கல்லீரல் அதனை விரைவில் உருமாற்றிவிடுகிறது.

இங்கே மிளகு வருகிறது. 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பெரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, குருதியை எட்டிய குர்குமின் இருபது மடங்கு கூடியது என்று பெங்களூரு ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்டனர். மஞ்சளும் மிளகும் சேர்த்துச் சமைத்த நம் பாட்டிமார்களை எண்ணி மகிழலாம். நானும் மகிழ்ந்தேன். ஆனால் கல்லீரலின் வேலையைத் தாமதப்படுத்தியே பைப்பெரின் இதைச் செய்கிறது. அதே தாமதம் மருத்துவர் தந்த மருந்துகளுக்கும் நேரலாம். வலிப்பு நோய்க்குரிய ஃபெனிட்டாயின் குருதியில் கூடுவது ஆய்வில் காணப்பட்டுள்ளது. இரசத்திலுள்ள மிளகுக்கு அஞ்ச வேண்டா. செறிவூட்டிய மாத்திரையைப் பற்றியே கூறுகிறேன்.

தடுப்பான் கூடினால் நன்மையும் கூடும் என்று அறிஞர்களே ஒரு காலத்தில் நம்பினர். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்டு பெரும் ஆய்வு நடந்தது. கேரட்டிலுள்ள பீட்டா கரோட்டினை நாள்தோறும் 20 மில்லிகிராம் மாத்திரையாக ஒரு பகுதியினருக்குக் கொடுத்தார்கள். 1994இல் முடிவு வெளிவந்தது. அம்மாத்திரையை உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகமாகக் காணப்பட்டது.

இனி, வில்வம். அதன் இலையில் ஏகிலைன் என்றொரு சேர்மம் உண்டு. அதனைச் செயற்கையாக உருவாக்கி, உடல் இளைக்கும் மாத்திரைகளில் சேர்த்து அமெரிக்காவில் விற்றார்கள். 2013இல் ஹவாயித் தீவுகளில் அவற்றை உட்கொண்ட பலருக்குக் கல்லீரல் அழற்சி கண்டது. சிலருக்குக் கல்லீரல் மாற்று அறுவை தேவைப்பட்டது, உயிரிழப்பும் நேர்ந்தது. அரசு தலையிட்டபின் அவை திரும்பப் பெறப்பட்டன. ஏகிலைனே காரணம் என்று ஐயமற நிறுவப்பட்டதாகக் கூற இயலாது. ஆயினும் வில்வத்தில் உள்ளது என்பதொன்றே ஒரு மாத்திரைக்கு நற்சான்றாகிவிடாது. பூசைக்குப்பின் வாயிலிடும் ஓரிலைக்கும், ஒரு சேர்மத்தை மட்டும் செறிவாகத் திரட்டி நாள்தோறும் விழுங்குவதற்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது. துளசிக்கும் வேம்புக்கும் இது பொருந்தும், நேரங்கருதி விடுக்கிறேன்.

நம் மலேசியாவில் பாரம்பரிய மருந்துகளைப் பதிவு செய்தே விற்க வேண்டும். பதிவு எண் 'எம்.ஏ.எல்.' எனத் தொடங்கி, 'டி' என்னும் ஆங்கில எழுத்தில் முடியும். தரமும் பாதுகாப்பும் பார்க்கப்பட்டன என்பதற்கே அது அடையாளம். நோயைத் தீர்க்கும் என்பதற்கு அன்று. அந்த எண்ணே இல்லாத புட்டியை வாங்காதீர்கள். மருத்துவமனைக்குச் செல்லும்போது, உட்கொள்ளும் மூலிகை மாத்திரைகளையும் கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள். மருத்துவர் ஏசுவார் என்று அஞ்சி மறைப்போர் நம்மிடையே பலர் உளர். என் சிற்றப்பாவும் அப்படித்தான் மறைத்தார். இப்போது அவர் காலையில் நீரிழிவு மாத்திரையை விழுங்கிவிட்டு, இரவில் வழக்கம்போல் மஞ்சள் பால் அருந்துகிறார். மருத்துவருக்கும் அது தெரியும்.

மாலைப் பூசைக்கு இன்னும் அரைமணி நேரம் உள்ளது. புட்டிகளைக் கொண்டுவந்திருப்போர் மண்டபத்தின் பக்கவாயிலுக்கு வாருங்கள். அட்டையில் எழுதியிருப்பதைச் சேர்ந்து படித்துப் பார்க்கலாம்.